ஓரத்தில் விட்ட துணி

போன வாரம் பாண்டி பஜாரில் ஒரு துணிக்கடையில், ஒரு வயதுக் குழந்தைக்கான கவுன் ஒன்றைக் கையில் எடுத்தேன். எடுத்ததும் கை தானாக அதன் கீழ் ஓரத்தைத் திருப்பியது. விற்கிற பெண் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா தேடறீங்க? வெலையா? அது கழுத்தாண்ட கீது பாருங்க."

"இல்லம்மா, ஓரம் பாக்கறேன்."

"ஓரத்துல இன்னா கீது?"

"ஒண்ணும் இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்குப் பாக்கறீங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் நான் பதில் சொல்ல ஆரம்பித்தால் அவளுக்குச் சாப்பாட்டு நேரம் தவறிவிடும். பில் போடச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, நீங்கள் சாப்பிட்டுத்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

நான் வளர்ந்தது மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில். கீழே வீட்டுக்காரர், மேலே அப்பா, அம்மா, நான், அப்புறம் ஒரு தையல் மெஷின். அந்த மெஷினை வீட்டு ஆளாகச் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை, எங்கள் எல்லோரையும்விட அதிகமாக உழைத்தது அதுதான். அம்மாவின் கணக்கில் துணிக்குச் சாவு கிடையாது, மறுபிறவிதான் உண்டு. பழைய புடவை திரைச்சீலையாகும், திரைச்சீலை தலையணை உறையாகும், உறை கரித்துணியாகும். அப்பாவின் பேண்ட் முட்டியில் தேய்ந்ததும் காய்கறிப் பையாகிவிடும். பின்பாக்கெட்டை மட்டும் அம்மா பிரிக்க மாட்டாள், சில்லறை வைக்க வசதியாம். அப்பாவின் ஆபீஸ் நண்பர் ஒருவர் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் அம்மாவின் முகத்தை மறந்துபோய், பையை வைத்து அடையாளம் கண்டுபிடித்து வணக்கம் சொன்னார்.

இந்தச் சாம்ராஜ்யத்தில் எனக்கு வாய்த்தது கவுன். அம்மா எனக்குத் தைக்கும் எந்த உடுப்பிலும் கீழ் ஓரத்தில் ஒரு சாண் துணியை உள்பக்கமாக மடித்து மடித்துத் தைத்திருப்பாள். "வளர்ற பொண்ணு" என்பாள். ஒவ்வொரு வருஷமும் ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டால் கவுன் நீளும், நானும் நீளுவேன், கணக்கு சரியாகிவிடும். ஒரே ஒரு சிக்கல். வெயிலிலும் சோப்பிலும் மேல்துணி வெளுத்திருக்கும், உள்ளே இருந்தது புதுக்கருக்கோடு வெளியே வரும், நடுவில் பழைய மடிப்பின் வெள்ளைக்கோடு ஒன்று வேலி மாதிரி ஓடும். அந்தக் கோட்டை மறைக்க அதன்மேல் லேஸ் வைத்துத் தைப்பாள். அடுத்த வருஷம் இன்னொரு மடிப்பு, இன்னொரு லேஸ். என் கவுனில் இருக்கிற லேஸ்களை எண்ணி யார் வேண்டுமானாலும் அதன் வயதைச் சொல்லிவிடலாம்.

பத்தாவது பிறந்தநாள் வரைக்கும் இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிறகு மாலதி வந்து சேர்ந்தாள். அடையாறிலிருந்து காரில் பள்ளிக்கு வருகிறவள். கடிகாரம் கட்டியிருப்பாள். எதையும் சத்தம் போட்டுச் சொல்ல மாட்டாள், ஒரு பார்வை பார்ப்பாள், அது போதும். அவள் ஏன் என்னிடம் சிநேகமானாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. புரியாததாலேயே எந்த நேரமும் அது கைவிட்டுப் போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தேன். என் பிறந்தநாளுக்கு அவளைக் கூப்பிட்டேன், வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. காரணம், என் நீலக் கவுனை அவள் ஏற்கெனவே பள்ளியில் கலர் டிரெஸ் நாளன்று பார்த்திருக்கிறாள்.

"அதே கவுன்னு அவளுக்குத் தெரியக் கூடாதும்மா" என்றேன்.

அம்மா கோபப்படவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவுனை மேலும் கீழும் பார்த்தாள். "பெத்தவ எனக்கே அடையாளம் தெரியாத மாதிரி பண்ணித் தரேன், போ" என்றாள்.

அடுத்த ஒரு வாரம் அந்தக் கவுனுக்கு மாறுவேடம் போடும் வேலை நடந்தது. முதுகில் இருந்த பட்டன்கள் முன்பக்கம் வந்தன. கழுத்துக்கு வெள்ளைக் காலர் ஏறியது, அது அப்பாவின் சட்டைக்குச் சொந்தமானது. இடுப்பில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு பெரிய 'போ' முடிச்சு. கீழே கடைசி மடிப்பையும் பிரித்து, பழைய லேஸ்களை எல்லாம் உருவி எடுத்துவிட்டு, கோடுகள் அத்தனையையும் மூடும்படி அகலமான ஒரு வெள்ளை லேஸ். நிஜமாகவே வேறு கவுன் மாதிரிதான் இருந்தது. என்ன, போட்டுக்கொண்டால் நான்தான் கொஞ்சம் வக்கீல் மாதிரி இருந்தேன்.

அதே வாரம் அப்பா மொட்டை மாடியை எடுத்துக்கொண்டார். அம்மாவுக்குத் துணி எப்படியோ அப்படி அப்பாவுக்குக் காகிதம். மைதா மாவைக் காய்ச்சி, ஒரு குண்டான் நிறையப் பசை தயார் செய்தார். இன்றைக்கும் எங்காவது மைதா காய்கிற வாசனை வந்தால் எனக்கு வயது ஒன்று கூடிவிட்டதுபோல் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தொப்பி வேண்டும். கடையில் வாங்குவதாவது, வீட்டில்தான் பழைய கல்யாணப் பத்திரிகைகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றனவே. நல்ல கனமான அட்டை. கூம்பாகச் சுருட்டி ஒட்டினால் அருமையான தொப்பி. அதனால் என் விருந்தினர் ஒவ்வொருவர் தலையிலும் முன்பின் தெரியாத ஒரு மணமகனும் மணமகளும் இருந்தார்கள். ஒரு தொப்பியில் இருவீட்டார் அழைப்பு என்பதுவரை தெளிவாகத் தெரிந்தது.

தோரணத்துக்குக் கிரேப் பேப்பர். ரோஸ், பச்சை, ஊதா என்று வாங்கி வந்து, நீளமாக வெட்டி, முறுக்கி முறுக்கி, டிவி ஆன்டெனாக் கம்பத்திலிருந்து தண்ணீர்த் தொட்டியின் குழாய் வரை நாலா பக்கமும் கட்டினார். கட்டி முடித்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்று, "கல்யாண மண்டபத்துல கூட இப்படிக் கட்ட மாட்டான்" என்றார். ஏப்ரல் மாதம். வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. மழை வந்தால் என்ன செய்வது என்று அப்பா யோசித்திருந்தார். தொட்டியை யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஏழெட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். மாலதி வெள்ளைக் கவுனில் வந்தாள். அவள் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்ததாம். கீழே ரிப்பன் வைத்து, பார்க்கவே ஐஸ்கிரீம் மாதிரி இருந்தது. என்னை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "புதுசா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா அவள் தலையில் ஒரு தொப்பியைக் கவிழ்த்துவிட்டார். அந்த நிமிஷம் அப்பாமேல் எனக்கு வந்த நன்றியை அவரிடம் கடைசிவரை சொல்லவே இல்லை.

மியூசிகல் சேர் ஆடிக்கொண்டிருந்தோம். அப்பாதான் பாட்டு, அப்பாதான் நிறுத்துவதும். மாலதியும் நானும் கடைசி நாற்காலியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து சலசலவென்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் தொட்டி நிரம்பி வழிகிறது. வழிகிற தண்ணீர் குழாயில் இறங்கி, குழாயிலிருந்து தோரணத்துக்கு வந்து, தோரணம் தோரணமாக நடந்து எங்கள் தலைமேல் வந்து சேர்ந்தது. வரும்போது சாயத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. ஒருத்தி முழுக்கப் பச்சை. ஒருத்தி பாதி ஊதா. கல்யாணப் பத்திரிகைகள் மெதுவாக விரிந்து மூக்கின்மேல் தொங்கின. மாலதியின் வெள்ளைக் கவுனில் முன்பக்கம் முழுக்க ரோஸ்.

வீட்டுக்காரர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். அவரைத் திட்டவும் முடியாது. "புள்ளைங்க நெறைய வருதே, தண்ணி பத்தாமப் போயிடக் கூடாதேன்னு மோட்டாரைப் போட்டேன் சார். போட்டுட்டு அப்படியே கண்ணசந்துட்டேன்" என்றார். அதுவரைக்கும் ஒரு பக்கெட் அதிகமாகப் பிடித்தாலே கீழேயிருந்து கூப்பிட்டுக் கேட்கிற மனிதர் அவர். ஒரே ஒரு நாள் தாராளமாக இருந்து பார்த்தார்.

அப்பா இடிந்துபோய் நின்றார். அம்மாதான், "எல்லாரும் கீழ வாங்க. கவுனைக் கழட்டுங்க. சாயம் காயறதுக்குள்ள ஊறப்போடணும்" என்றாள். ஐந்து நிமிஷத்தில் எங்கள் கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள் அப்பாவின் சட்டையிலும் பனியனிலும் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பச்சையாகிப்போனவளுக்கு அப்பாவின் ஆபீஸ் சட்டை கிடைத்ததால், அவள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி லீவு தர முடியாது என்று அதட்டிக்கொண்டிருந்தாள். அந்த வயதில் அதைவிடச் சந்தோஷமான கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

எனக்கு மட்டும் கேசரி இறங்கவில்லை. கழற்றும்போதே கவனித்துவிட்டேன். நனைந்த லேஸ் சுருங்கி மேலே ஏறி, அதன் கீழே அடங்கியிருந்த வெள்ளைக்கோடு பளிச்சென்று தெரிந்தது. மாலதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. திங்கட்கிழமை வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும் என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

அம்மா உப்புத் தண்ணீரில் அலசி அலசி, கவுன்களை மாடிக்கு எடுத்துப்போனாள். நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். அம்மா எப்போதும் துணியை உள்வெளியாகப் புரட்டித்தான் காயப்போடுவாள், அப்போதுதான் நிறம் வெளுக்காது. ஒவ்வொரு கவுனாகப் புரட்டி உதறிப் போட்டுக்கொண்டே வந்தாள். மாலதியின் கவுனைப் புரட்டினாள். புரட்டியவள் அப்படியே நின்றாள்.

ரிப்பனுக்குப் பின்னால் பழைய மடிப்பின் பழுப்புக்கோடு. அதன்கீழ் இன்னொரு கோடு. அதற்கும் கீழே இன்னும் பிரிக்காத மடிப்பு ஒன்று, பொடித் தையலில். யாரோ ராத்திரி பகலாக உட்கார்ந்து, வெளியே தெரியக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துத் தைத்த கை. துபாய் கவுனுக்கும் எங்கள் மாம்பலத்துக் கவுனுக்கும் தையலில் ஒரு வித்தியாசமும் இல்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அந்தக் கவுனை மறுபடி நேராகப் புரட்டி, அதை மட்டும் வெளிப்பக்கம் தெரியும்படி கொடியில் போட்டாள்.

"அது மட்டும் நேரா இருக்கேம்மா."

"இருந்தா இருக்கட்டும். நீ வாயைத் தொறக்காதே."

நான் திறக்கவில்லை. ஆனால் கீழே இறங்கிப்போய் இரண்டு கிண்ணம் கேசரி சாப்பிட்டேன்.

வெயிலில் எல்லாம் காய்ந்துவிட்டது. மற்றவர்களின் கறை பெரும்பாலும் போய்விட்டது. மாலதி கவுனில் ஓரத்தில் மட்டும் மங்கலாக ரோஸ் நின்றது. அம்மா மெஷினில் உட்கார்ந்து, என் பழைய லேஸ்களில் ஒன்றைக் கறையின்மேல் வைத்துச் சுற்றித் தைத்துக் கொடுத்தாள். மாலதியின் அம்மா வந்தபோது நான் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் குனிந்து லேஸைத் தொட்டுப் பார்த்தார். ஓரத்தை லேசாகத் திருப்பினார். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"லேஸ் நல்லா இருக்குங்க. எங்க வாங்கினீங்க?"

"இங்கதான், ரங்கநாதன் தெருவுல. அடுத்த வருஷத்துக்கு வேணும்னா சொல்லுங்க, சேர்த்தே வாங்கி வெச்சுடறேன்."

அவர் சிரித்துவிட்டார். அந்த மே மாத லீவில் அவர் தைக்க வேண்டிய துணிகளை ஒரு பெரிய பையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கார் அவருடைய மைத்துனருடையது என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் பயந்த அந்தத் திங்கட்கிழமை வகுப்பில் ஒன்றும் நடக்கவில்லை. மாலதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், இன்றுவரை எழுந்திருக்கவில்லை. ஆனால் அந்தக் கோடுகளைப் பற்றி நானும் பேசியதில்லை, அவளும் பேசியதில்லை.

பாண்டி பஜார் கவுன் அவளுடைய பேத்திக்குத்தான். நேற்று முதல் பிறந்தநாள். அடையாறில் அவர்கள் அபார்ட்மென்டின் ஹாலில் பலூன் வளைவு நின்றது. தொப்பி, தோரணம் எல்லாம் ஒரே பெட்டியில் வந்ததாம், ஒட்டினால் ஆயிற்று, பசைகூட அதிலேயே இருக்கிறது. வாசனையே இல்லாத பசை. நான் கவுனைக் கொடுத்தேன். மாலதி பெட்டியைப் பிரித்தாள். நிறத்தைப் பார்க்கவில்லை, விலையைப் பார்க்கவில்லை. நேராகக் கீழ் ஓரத்தைத் திருப்பினாள்.

"ஓரமே விடலயேடி" என்றாள்.

"எந்தக் கடையிலயும் இல்ல. பார்த்துட்டேன்."

அவள் அந்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "உங்கம்மா அன்னிக்கு என் கவுனை மட்டும் நேராக் காயப்போட்டிருந்தாங்க. மாடிப்படியிலேர்ந்து பார்த்தேன்" என்றாள்.

அம்மா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. பலூன்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, எனக்கு அம்மாவை உடனே பார்க்க வேண்டும்போல் இருந்தது. மாலதியின் மருமகள் வந்து கவுனை வாங்கிப் பார்த்து, ரொம்ப அழகா இருக்கு ஆன்ட்டி, மூணு மாசம் போட்டுக்கலாம் என்றாள். அவள் நல்ல பெண், சரியாகத்தான் சொன்னாள். குழந்தைகள் வளரும் என்ற விஷயத்தை அந்தக் கவுனைத் தைத்தவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.