வாடி இல்லாத மாதத்தில் வாடி பதிந்தது

களத்தில் தரவு சேகரிக்கத் திட்டம் போடுவது என்றால், எங்கே போவது, யாரைக் கேட்பது, எதைப் படம் எடுப்பது எல்லாவற்றையும் கந்தோர்க் கதிரையில் இருந்தபடியே தீர்மானித்துவிடுவது. மன்னார்த் தீவின் கரையோரத்தில் எந்த நிலம் பாவனையில் இருக்கிறது, எது சும்மா கிடக்கிறது என்று வரைபடம் செய்யும் வேலை எங்களுக்கு வந்தது. சும்மா கிடப்பதாகப் பதிந்துவிட்டால், அந்த நிலத்தை நாளைக்கு வேறு யாருக்கும் கொடுத்துவிடலாம்.

எங்கள் பொறுப்பாளர் வெளியூர்க்காரர், நல்ல மனுசன். தென்கரையைச் சோளகத்தில் ஒரே மூச்சில் முடிக்கத் திட்டம் வைத்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தென்மேற்கில் இருந்து சோளகக்காற்று தொடங்கினால் தென்கரைக் கடலில் தொழில் செய்ய முடியாது. மீன்பிடிக் குடும்பங்கள் கரையில் போட்ட வாடிக் குடிசைகளைப் பிரித்து, கிடுகையும் தடியையும் ஏற்றிக்கொண்டு வடகரைக்குப் போய்விடும். வாடைக்காற்றுக்குத்தான் திரும்பி வரும். தீவில் பிறந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சேர், இப்ப போனால் அங்க கழுதையள்தான் நிக்கும். அதுகளையே பதியிறது?" என்று கேட்டேன்.

சிரித்தார். ஆனால் வாடை வரும்வரை வேலையைத் தள்ளிப்போட அவருக்கு அனுமதி இல்லை. "அப்ப நீங்களே ஒரு வழி சொல்லுங்கோவன்" என்றார்.

கட்டடத்தின் படம் இல்லாமல் போனில் இருந்த படிவம் எதையும் சேமிக்காது. பருவத்துக்குப் போடும் வாடி என்றால், ஆள் தன் இடத்தில் நிற்கும் படம் போதும் என்று அதை மாற்றினோம். வடகரைக்குச் சொல்லி அனுப்பினேன். வாடிக்காரர் அன்றைய உழைப்பை விட்டுவிட்டுப் பஸ் ஏறித் தென்கரைக்கு வந்தார்கள்.

வெறும் மணலில் தன் இடத்தைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவருக்கும் பக்கத்து வாடிக்காரர்தான் அடையாளம். அதனால் எல்லோரும் வரிசையாக வந்து நிற்க வேண்டியிருந்தது. "மச்சாள், கொஞ்சம் அரக்கி நில்லுங்கோ, அது என்ர குசினி!" என்று ஒரே சண்டையும் சிரிப்பும்.

கடைசியில் நின்றவர், கருவாடு போட்டுத் தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் ஓர் அக்கா. போன் செய்மதி வழியாக இடத்தைப் பிடிக்கும்வரை அசையக் கூடாது என்று சொல்லியிருந்தேன். காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. அவர் கண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

"பதிஞ்சிட்டன் அக்கா, இனி வாங்கோ."

அவர் வரவில்லை.

"நான் விலத்தினால் அது அழிஞ்சு போகாதோ, தங்கச்சி?"

"அழியாதக்கா" என்று போனை அவரிடம் கொண்டு போனேன். திரையில் புள்ளியைக் காட்டிய பிறகுதான் அவர் ஒரு காலை எடுத்து வைத்தார்.