சங்கு ஸ்டாம்பில் என் மூக்கு

அறுபதாம் கல்யாணத்தன்று என் மகன் எனக்கு என் முகத்தையே பரிசாகக் கொடுத்தான்.

கலசத் தண்ணீர் தலையில் ஊற்றி முடித்து, மாலையும் கழுத்துமாக என்னையும் மனைவியையும் கூடத்தில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். வலியசாலைத் தெருவில் பாதிப் பேர் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது மகனும் மருமகளும் துணி மூடிய ஒரு பெரிய சட்டத்தை ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு பேருக்கும் ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. ஒரு வாரம் லீவு போட்டு வந்திருந்தார்கள்.

"அப்பா, இது உங்களுக்காக்கும். நீங்களே துணியை எடுங்கோ."

எடுத்தேன். கண்ணாடி, மூக்கு, நெற்றியில் விபூதி, எல்லாம் சரியாக நான்தான். கூடமே கைதட்டியது. கிட்டே குனிந்து பார்த்தேன். என் மூக்கு முழுக்கச் சங்கு.

திருவிதாங்கூர் ராஜ்யம் இருந்த காலத்தில் இங்கே தனியாக ஒரு தபால் ஓடியது. அதற்கு அஞ்சல் என்று பெயர். அதன் ஸ்டாம்புகளில் பெரும்பாலும் ஒரு சங்குதான் இருக்கும். சின்னது, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோதிலிருந்து அதைத்தான் சேர்த்து வந்தேன். இந்தத் தெருவில் எந்த வீட்டில் பரண் ஒழித்தாலும் எனக்குச் சொல்லி அனுப்புவார்கள். திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் கோயில் வேலைக்கு வந்து தங்கிய குடும்பங்கள். பழைய கடுதாசிகளையெல்லாம் கம்பியில் குத்தி மாட்டி வைத்திருப்பார்கள். கம்பி நடுவில் குத்தும், ஸ்டாம்பு ஓரத்தில் இருக்கும். அதனால் தப்பித்தது. தும்மிக்கொண்டே பரணில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, அது தானாகக் கடுதாசியை விட்டு வருகிறவரை காத்திருந்து சேர்த்தவை.

அவற்றைக் கத்தரிக்கோலால் வெட்டி என் மூக்கை நிமிர்த்தியிருந்தார்கள்.

ஸ்டாம்பு சேர்க்காதவர்களுக்கு இது புரியாது, சொல்லிவிடுகிறேன். ஸ்டாம்பின் நான்கு ஓரத்திலும் இருக்கும் பல்தான் அதன் உயிர். ஒரு பல் மடங்கினால் எங்களுக்கு நெஞ்சு அடைக்கும். விரலால் தொடமாட்டோம், இடுக்கியால்தான் எடுப்போம். படத்தில் இருந்த எதற்கும் பல் இல்லை. கண்மணிக்காக ஒரு பச்சைச் சங்கை வட்டமாக நறுக்கியிருந்தார்கள். நெற்றியில் மூன்று பட்டை விபூதி இருந்ததே, அது என்ன தெரியுமா? ஸ்டாம்புகளின் வெள்ளை ஓரங்கள். பல்லை எல்லாம் நறுக்கி வரிசையாக ஒட்டி எனக்குப் பட்டை போட்டுவிட்டிருந்தார்கள். சிவன் மேல் ஆணையாக அந்த விபூதியை நான் மன்னிக்கமாட்டேன்.

"கொச்சியில ஒரு ஆர்ட்டிஸ்டுப்பா. நெட்டுல பாத்தோம்" என்றாள் மருமகள். "உங்க கலெக்‌ஷன்லேந்தே பண்ணினா செண்டிமெண்டா இருக்கும்னு இவர்தான் ஐடியா கொடுத்தார்."

மனைவி முழங்கையால் இடித்தாள். "எல்லாரும் பாத்துண்டிருக்கா. முகத்தை ஏன் இப்படி வெச்சுண்டிருக்கேள்?"

எந்த முகத்தை என்று கேட்க நினைத்தேன். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். அந்த போட்டோவைப் பார்த்தால் பல்வலிக்காரன் போல இருக்கிறேன்.

பந்தி எல்லாம் கலைந்தபிறகு அலமாரியைத் திறந்தேன். மூன்று ஆல்பம் இருந்த இடத்தில் இரண்டு. சங்கு ஆல்பம் போயே போய்விட்டது. கண்புரை ஆபரேஷன் செய்து பூதக்கண்ணாடியும் கையுமாக உட்காரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நான் சில வாரமாக அலமாரிப் பக்கமே போகவில்லை. அந்தச் சமயம் பார்த்து எடுத்திருக்கிறான். ஏன் அதை என்று கேட்டேன்.

"மத்ததை விட அதுலதான் நல்ல நல்ல ஷேட் இருந்துதுப்பா."

இருக்காதா? ஒரே சங்கு, ஒரே விலை, அச்சடித்த மை மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறும். அந்த நிறபேதத்தைத் தேடித் தேடி அடுக்கத்தான் எனக்கு இத்தனை காலம் ஆயிற்று. வெளிச்சத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என்று கன்னத்தில் பூசிக்கொள்வதற்கா?

நான் கத்தினேன். சாந்தி ஹோமம் நடந்த வீட்டில், அந்தப் புகை அடங்குமுன்னே கத்தினேன். மகனும் பதிலுக்குக் கத்தினான்.

"எத்தனை நாளாச்சு நீங்க அதை யாருக்காவது காட்டி? சின்னதுல என்னைத் தொட விட்டேளா? கைய எடு, கைய எடுன்னுதானே பறஞ்சேள்?"

தொடாதே என்றுதான் சொன்னேன். பார்க்காதே என்று சொல்லவில்லையே. ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த ஆல்பத்தை மேஜையில் விரித்து வைத்தேன். அவன் கிரிக்கெட் பார்த்தான், பிறகு கம்ப்யூட்டர் பார்த்தான், பிறகு போன் பார்த்தான். சங்கைப் பார்க்கவில்லை. இதில் என் தப்பு எங்கே வந்தது?

படத்திலிருந்து எதையாவது மீட்கலாம் என்று ஓர் ஆசை இருந்தது. மறுநாள் குளியலறையில் ஓர் ஓரத்தை வெந்நீரில் நனைத்துப் பார்த்தேன். மேலே ஏதோ வார்னிஷ் பூசி இறுக்கியிருந்தது. காது நனைந்ததே தவிர ஒரு துணுக்குகூட எழும்பவில்லை. மனைவி வாசலில் நின்று, "மங்களமா வந்த படத்தை யாராவது பக்கெட்டுல முக்குவாளா? என்ன ஜன்மமோ" என்று புலம்பினாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் எங்கள் ஸ்டாம்பு சங்கத்தின் கண்காட்சி வரவிருந்தது. எங்கள் சங்கத்தில் ஒரு காலத்தில் நாற்காலி போதாமல் ஜன்னலில் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது நாலு பேர். செத்துப்போன மெம்பர்களின் பிள்ளைகள் போன் செய்து, "அந்த ஸாதனமெல்லாம் எடுத்தோண்டு போகுமோ, அலமாரி காலியா வேணம்" என்பார்கள். சிலர் இது என்ன விலை போகும் என்பார்கள். சிலர் போனே செய்யாமல் பழைய பேப்பருடன் எடைக்குப் போட்டுவிடுவார்கள். கடிதம் எழுதுகிறவர்கள் இல்லை, சரி, காலம் மாறிவிட்டது, எனக்கும் தெரியும். ஆனால் எப்போதாவது ஒரு கவரில் நல்ல ஸ்டாம்பு ஒட்டி அனுப்பினால், முத்திரை அழகாக விழட்டும் என்று கவுண்டரில் கெஞ்சிவிட்டு வந்தால், வந்து சேரும்போது அதன்மேல் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கிறுக்கல். அது எந்தக் காலமாற்றம்? அதற்குப் பெயர் அலட்சியம்.

இந்தக் கண்காட்சியோடு சங்கத்தை மூடுவதாக முடிவு செய்திருந்தோம். ஒரு வாசகசாலையின் மாடி ஹால் கிடைத்தது. ஆளுக்கு ஒரு தட்டி. என் தட்டியில் சங்கு வரவேண்டும். அதற்காகத்தான் அந்த ஆல்பத்தைப் பக்கம் பக்கமாக மறுபடி அடுக்கி வைத்திருந்தேன். ஒரே ஒரு தடவை, எல்லாச் சங்கையும் வரிசையாக நாலு பேர் பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தேன்.

கண்காட்சியன்று படத்தைத் துணியில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். என் தட்டியில் அதையே மாட்டினேன். கீழே ஓர் அட்டையில் பெரிதாக எழுதினேன்: 'திருவிதாங்கூர் அஞ்சல். சங்கு வரிசை. அனைத்தும் சேதம்.' பார்க்கிறவர்களுக்கு உறைக்கட்டும் என்றுதான்.

சங்கத்தின் இன்னொரு மெம்பர், பாறசாலைப் பக்கத்துக்காரர், சர்ச்சிலிருந்து நேராக வந்தார். என்னைச் சாமி என்றுதான் எப்போதும் கூப்பிடுவார். சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து என் கன்னத்தைப் பார்த்தார். தாடையைப் பார்த்தார். கண்மணியில் வந்து நின்றுவிட்டார்.

"சாமி, இது அந்தப் பச்சை இல்லியா? நான் கேட்டுக் கேட்டு நீரு தரமாட்டேன்னுட்டீரே?"

"அதேதான்."

"எனக்குத் தந்திருந்தா தப்பிச்சிருக்குமே ஓய்" என்றார். லென்ஸை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அவர் தட்டிக்குப் போய்விட்டார். அன்றைக்கு முழுதும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. படத்தைப் பார்த்துக் கோபப்பட்ட மனிதர் அவர் ஒருவர்தான்.

மற்றவர்கள்? ஐயோ, என்ன கூட்டம்! கீழே பேப்பர் படிக்க வந்தவர்கள், ட்யூஷனுக்குப் போகிற வழியில் ஏறிய பெண்கள், எல்லாரும் மற்ற மூன்று தட்டிகளையும் பஸ் ஜன்னல் வழியே பார்ப்பது போலத் தாண்டிக்கொண்டு என் முகத்துக்கு முன்னால் வந்து நின்றார்கள். அடிபொளி என்றார்கள். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். என்னையும் படத்தின் பக்கத்தில் நிற்கச் சொல்லி எடுத்தார்கள். 'அனைத்தும் சேதம்' என்ற அட்டையை ஒருவரும் படிக்கவில்லை. தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருந்தேன்.

மகனும் வந்திருந்தான். சமாதானமாகப் போய்விடலாம் என்ற முகத்தோடு என் தோளைத் தொட்டான். "பாத்தேளா அப்பா? உங்க ஸ்டாம்பை இப்பதான் எல்லாரும் பாக்கறா."

அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முழுசாக இருந்தபோது சீந்த நாதியில்லை. கொன்று ஒட்டியபிறகு கூட்டம் கூடுகிறது. அவன் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டேன். பேசியிருந்தால் ஹாலிலேயே அடித்திருப்பேன்.

சாயங்காலம் தட்டியைப் பிரிக்கும்போது ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும், கையில் ஆபீஸ் பை.

"சாரே, இது எவிடெயா செய்யிச்சது? அச்சன்டெ ஸ்டாம்பு ஆல்பம் வீட்டில் கிடப்புண்டு. அச்சன் போயிட்டு ஒரு கொல்லம் ஆகாறாயி. இதுபோலெ அச்சன்டெ முகம் செய்யிக்கணம்."

அப்பா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, அவர் சேர்த்ததை வெட்டி அவர் முகத்தைச் செய்யவேண்டும் என்கிறாள். நான் மாட்டிய படம், நான் எழுதிய அட்டை, கடைசியில் இதற்கு ஆள் பிடிக்கத்தான் உதவியிருக்கிறது. என்ன ஆல்பம் என்று கேட்டேன். பழசு, ஏதோ சங்குப் படம் நிறைய என்றாள்.

என் நாக்கு எனக்கு முன்னால் போய்விட்டது.

"ஞான் தன்னெயா செய்தது" என்றேன், என்னமோ நானே வெட்டி ஒட்டியது போல. "கொச்சிக்கெல்லாம் போகண்டா. ஆல்பம் எங்கிட்ட கொண்டுவா. காசொண்ணும் வேண்டா."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். பக்கத்தில் நின்ற மகன் வாயைத் திறந்தான். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு துணிக்கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். நாற்காலியில் உட்காரச் சொல்லி, முதல் பக்கத்தை விரித்து, இதைக் கொஞ்சம் பாரம்மா, உன் அப்பா எப்படி அடுக்கியிருக்கிறார் பார் என்றேன். ஸ்கூட்டரை வழியில் நிறுத்தியிருக்கிறேன் என்று சொல்லி, அப்பாவின் ஒரு போட்டோவையும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இது திருட்டு என்கிறாள் மனைவி. மகன், நம்பிக்கை மோசடி என்று ஏதோ சட்டம் பேசுகிறான். பேசட்டும். யார் எதைத் திருடினார்கள் என்று என் மூக்கைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

அந்தப் பெண் வாரம் ஒருமுறை போன் செய்கிறாள். காது முடிந்தது, மூக்கு வரை வந்திருக்கிறது, விபூதிதான் கொஞ்சம் சிரமம் என்கிறேன். அவர் விபூதி பூசுகிறவரா என்றுகூட எனக்குத் தெரியாது. ஒருநாள் அவள் நேரில் வந்து நிற்பாள். அன்றைக்கும் முதல் பக்கத்திலிருந்துதான் விரிப்பேன். பார்த்து முடித்துவிட்டுக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன். பார்க்காமல் கேட்டால் கொடுக்கமாட்டேன், போலீசோடு வந்தாலும் சரி.

அதுவரை ஆல்பம் என் அலமாரியில் பூட்டி இருக்கிறது, சாவி என் பூணூலில் இருக்கிறது. ஒரு ஸ்டாம்புக்குக்கூடப் பல் உடையவில்லை.