பால் லோரிக்கு ஒரு பொட்டு

நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் தம் மோட்டார் சைக்கிளுக்குப் பெயிண்ட் அடிக்க ஸ்பிரே டின்னைக் குலுக்கினார். உள்ளே குண்டு உருளும் கடகட சத்தம். பின்னாலேயே அந்த வாசனை. சட்டையைக்கூட மாட்டாமல் ஓடினேன். "கிட்ட புடிக்காதீங்க லா, வழிஞ்சிரும்!" அவர் என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள்.

செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்த நாளில் பிடித்த பைத்தியம் இது. லீவு கிடைத்தால் மற்றவர்கள் தூங்குவார்கள். நான் கொல்லையில் உட்கார்ந்து கையளவு பொம்மைக் காருக்கும் லோரிக்கும் பெயிண்ட் அடிப்பேன். டின்னை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தெடுத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிசாக ஒரு பூச்சு. காய்ந்ததும் நைஸான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். மறுபடி பூச்சு. கடைசியில் வருமே ஒரு வழவழப்பு! அதன்மேல் யாராவது விரல் வைத்தால், பெற்ற தாயென்றும் பார்க்க மாட்டேன்.

அதே தொழிற்சாலையில் கவிதாவும் வேலை பார்த்தாள். எனக்கு அவளைப் பிடித்தது. அவளுக்கும் என்னை, எப்படியோ. அவள் அப்பா கோலா கிளாவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் ஏற்றும் லோரி ஓட்டியவர். மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். "அவருக்குப் புடிக்கலன்னா அவ்ளோதான். லோரின்னா அவருக்கு உசுரு," என்றாள் கவிதா. போதாதா? அவருடைய பச்சை லோரியையே கையளவில் செய்து கொடுத்து மனிதரைக் கவிழ்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

மழை விடவில்லை. ஈரக்காற்றில் அடித்தால் பெயிண்ட் வெளுத்துப்போகும். கடைசிப் பூச்சை அவர் வருகிற அன்று காலையில்தான் அடிக்க முடிந்தது. அவசரத்தில் தடிமனாக அடித்துவிட்டேன். மேலே காய்ந்தது, உள்ளே காயவில்லை.

வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. மேசைமேல் இருந்ததைப் பார்த்தார். "ஏய், நம்ம லோரி லா இது!" அம்மா சந்தனத் தட்டை நீட்டினார். "புது வண்டிக்குப் பொட்டு வெக்காம எப்படி?" என்ற கவிதாவின் அப்பா, சந்தனத்தைத் தொட்டு பானெட்டின் நடுவில் கட்டைவிரலை அழுத்தினார்.

விரல் உள்ளே போய்விட்டது. எடுத்தபோது சந்தனத்தோடு பச்சையும் ஒட்டி வந்தது. "ஐயையோ, கெடுத்துட்டேனா?" அவர் முகம் சுண்டிவிட்டது. என் குணம் தெரிந்த அம்மா பயந்துபோய் என்னைப் பார்த்தார். உங்களிடம் மறைப்பானேன், திட்டத்தான் வந்தது. வாயைத் திறந்தால் கல்யாணம் போச்சு. திறந்தேன்.

"பரவால்ல மாமா."

அதுவரை வாய்க்கு வாய் அங்கிள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் திரும்பினார். "அப்புறம் என்னம்மா, நாள் பாத்துற வேண்டியதுதான?"

கல்யாணத்துக்குச் சீர்வரிசையோடு, அன்று எடுத்துப்போன லோரியையும் எங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். வரும்போதெல்லாம், "இன்னும் சரி பண்ணலையா மாப்ள?" என்று கேலி வேறு. தேய்த்து மறுபடி அடிக்க எனக்கும் கை துறுதுறுக்கும். இன்று நாளை என்று தள்ளிப்போனது. இப்போது கேலி செய்ய அவர் இல்லை. அவருடைய கைரேகை மிச்சமிருப்பது அந்தப் பானெட்டில் மட்டும்தான். அலமாரியைத் தூசு தட்டும் கவிதா, அந்த இடம் வந்ததும் துணியைக் கீழே வைத்துவிட்டு விரலால் மெல்லத் துடைக்கிறாள்.