டச்சப்காரர் மகளின் நிறம்

தெருவில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; "டச்சப்"தான். போட்டோ ஸ்டூடியோவின் பின்னறையில், ஜன்னலை அட்டை வைத்து அடைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஊரார் முகங்களை வெளுப்பதே அவர் பிழைப்பு. "அண்ணே, கொஞ்சம் பளிச்சுனு" என்பார்கள். கேட்காதவர்களையும் அவர் கை சும்மா விட்டதில்லை.

மகள் அறிவியல் டீச்சர். அப்பாவின் கருப்பு, அதைவிட ஒரு பிடி கூடவே. சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் பாடம்தான்.

"ஆதியில மனுஷன் உடம்பு முடியெல்லாம் கொட்டி வெறுந்தோலா வெயில்ல நின்னான்ப்பா. கருப்புத் தோல்தான் குடை. அது இல்லாட்டி ரத்தத்துல இருக்குற சத்து கெட்டு, பொறக்குற புள்ளைங்க பாதிக்கப்பட்டிருக்கும். வெயில் கம்மியான பக்கம் போனவங்க மெல்ல மெல்ல வெளுத்தாங்க. எத்தனை ஆயிரம் வருஷ வேலை! நீங்க என்னடான்னா டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடுறீங்க!"

அவரும் விழுந்து விழுந்து சிரிப்பார். மகள் மேல் உயிரையே வைத்திருந்த மனுஷன்.

வரன் பார்க்கத் தொடங்கியபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "என் போட்டோல மட்டும் கை வைக்காதீங்கப்பா."

"சத்தியமா வைக்கமாட்டேன்மா." அவரே எடுத்தார், அவரே அனுப்பினார்.

பையன் வீட்டார் வந்தார்கள். பையனின் அம்மா அவளைப் பார்த்தார், கையிலிருந்த போனைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். "போட்டோல வேற மாதிரி இருந்துச்சே" என்று இழுத்தார். கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். போய்த் தொலையட்டும், விஷயம் அதுவல்ல.

"தொட்டீங்களாப்பா?" என்றாள் மகள்.

தொட்டதாக அவருக்கு நினைவே இல்லை. பழக்கதோஷம், கை தானாகச் செய்திருக்கிறது.

"அவங்க சொன்னது எனக்கு வலிக்கலப்பா. உங்க கண்ணுக்கே நான் எடுபடலையா?"

ஸ்டூடியோவுக்கு ஓடினார். பாவி மனுஷன், வெளுத்த படத்தை அசலின் மேலேயே சேவ் பண்ணியிருந்தார். கையாலேயே பழைய நிறத்தைக் கொண்டுவந்துவிடலாம் என்று உட்கார்ந்தார். கொஞ்சம் கருப்பேற்றினார், போதாதோ? இன்னும் ஏற்றினார், ஐயோ, அதிகம். குறைத்தார். இதுவும் அவள் இல்லை. ஊரார் முகமெல்லாம் அத்துப்படி. பெற்ற மகளின் நிறம் எதுவென்று தெரியாமல் திருதிருவென்று விழித்தார்.

வீட்டுக்குப் போன் போட்டார். "ஒரு நிமிஷம் வந்து பக்கத்துல உக்காரும்மா. உன்னைப் பாத்துச் சரி பண்ணிடுறேன்."

"இத்தனை வருஷமா பக்கத்துலதானேப்பா இருந்தேன்" என்றாள்.