மாமா எடுத்துக் கொடுத்த பாடங்கள்

எங்கள் குடும்பத்தில் தாய்மாமனைக் கேட்காமல் ஒரு துரும்பும் அசையாது. எனக்குக் காது குத்தியது மாமாவின் மடியில். அக்கா பெரிய மனுஷியானபோது முதல் சேலை எடுத்து வந்தது மாமா. புது ஃபிரிட்ஜ் வாங்கும்போது என்ன நிறம் என்றுகூட அப்பா அவரைக் கேட்டுவிட்டுத்தான் வாங்கினார். கடையில் ஒரே நிறம்தான் இருந்தது என்பது வேறு விஷயம். ஆகவே அக்கா ஓ லெவல் பரீட்சையில் நன்றாகத் தேறி, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் படிப்புக்கு என்ன பாடங்கள் எடுப்பது என்ற கேள்வி வந்தபோது, பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்க வேண்டும் என்று எங்கள் தோ பாயோ வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. மாமாவுக்குத்தான் சொல்லி அனுப்பினார்கள்.

அக்காவுக்கு டாக்டராக வேண்டும். சின்ன வயதிலிருந்தே அதுதான் பேச்சு. காலி மைலோ டின்னில் பஞ்சும் மஞ்சள் மருந்தும் வைத்துக்கொண்டு, கீழே விழுந்து வரும் பிள்ளைகளுக்காகக் காத்திருப்பாள். யாரும் விழாத நாட்களில் என் முழங்காலைக் கரண்டியால் தட்டிப் பார்ப்பாள். நான்தான் அவளுடைய முதல் நோயாளி, கடைசி நோயாளியும்.

மாமா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்ட். நோயாளிகளை ஆபரேஷன் அறை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் விடுவதும், திரும்பக் கூட்டி வருவதும் வேலை. அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பல் சாமான் இறக்குகிறவர். அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். எங்களுக்குத் தெரிந்தவர்களில் தினமும் டாக்டர்களோடு பேசுகிறவர் மாமா ஒருவர்தான். ‘குட் மார்னிங் டாக்டர்’ என்பதும் பேச்சுதானே. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் பலரும் அவரை டாக்டர் மாமா என்றே கூப்பிட்டார்கள். கேலி பாதி, மரியாதை பாதி. மாமா மரியாதைப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை மாலை, தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், புதுப் பேனா சகிதம் வந்தார். சீர் கொண்டு வருகிறவர் மாதிரியே வந்தார். சாமி படத்துக்கு முன்னால் அக்காவை உட்கார வைத்து, திருநீறு பூசி, பாடங்களை அறிவித்தார்.

“டாக்டர் உடம்பப் பாக்குறவரு, அதுக்கு பயாலஜி. எக்ஸ்ரே, மெஷினு எல்லாம் இருக்கு, அதுக்கு ஃபிசிக்ஸ். ஊசி எவ்வளவு போடணும்னு கணக்கு வேணும், அதுக்கு மேத்ஸ். கெமிஸ்ட்ரி எதுக்குலா? மருந்து கலக்குறவன் கீழ டிஸ்பென்சரில உட்கார்ந்திருக்கான். எந்த டாக்டரும் மருந்து கலக்கி நான் பார்த்ததில்ல.”

எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது. அக்கா மட்டும் மெதுவாக, டீச்சர் கெமிஸ்ட்ரியும் எடுக்கச் சொன்னதாகச் சொன்னாள். “டீச்சரு ஆஸ்பத்திரிலயா வேலை செய்றாங்க?” என்று அம்மா கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது. அக்கா மாமாவின் காலில் விழுந்து பேனாவை வாங்கிக்கொண்டாள்.

இரண்டு வருஷம் அவள் படித்த படிப்பைப் பார்த்தால் கல்லும் தேறியிருக்கும். முடிவுகள் வந்தபோது மாமா தெருவெல்லாம் லட்டு கொடுத்தார். பிறகு ஒரு நாள் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனாள். கவுன்டரில் இருந்த அம்மாள் அவள் பாடங்களைப் பார்த்துவிட்டு, கெமிஸ்ட்ரி இல்லாமல் மருத்துவத்துக்கு எடுக்க மாட்டார்கள் என்று ஆங்கிலத்தில் தன்மையாகச் சொன்னார். வேறு வழி இல்லையா என்று அக்கா கேட்டாள். அவர் தலையாட்டிய விதத்தில், இல்லை என்பது எனக்கே தெரிந்தது. பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். எனக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன ஐஸ்கிரீமைப் பற்றி நானும் கேட்கவில்லை.

கெமிஸ்ட்ரியோடு மறுபடி இரண்டு வருஷம் படிக்க வைக்க அப்பாவால் முடியவில்லை. அக்கா ஒரு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தாள். அன்று இரவு அப்பா எங்களை உட்கார வைத்து, “மச்சானுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாரு. யாரும் வாயத் திறக்கக் கூடாது” என்றார். போட்டி அதிகம், இடம் இல்லை என்று மாமாவிடம் சொன்னார்கள். அவர் அக்காவின் அதிர்ஷ்டத்தை நொந்துகொண்டு, சிராங்கூன் ரோடு கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். அந்தப் பிரசாதத்தை அக்கா வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம், மாமா எங்கள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மாலை, பக்கத்து புளோக் ஆன்ட்டி தன் மகளோடு வந்தார். அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். தாய்மாமன் முறையெல்லாம் அவர்களுக்கு அவ்வளவு கறார் இல்லை. ஆனால் டாக்டர் மாமா ஊருக்கே பொது. மகளுக்கும் டாக்டராக வேண்டுமாம். மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, உடம்புக்கு பயாலஜி, மெஷினுக்கு ஃபிசிக்ஸ் என்று ஆரம்பித்தார். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். அம்மா டீயில் கரைந்துபோன சர்க்கரையைத் திரும்பத் திரும்பக் கலக்கிக்கொண்டிருந்தார்.

வங்கியிலிருந்து அப்போதுதான் வந்த அக்கா, தோளில் பையோடு வாசலிலேயே நின்றாள்.

“கெமிஸ்ட்ரி எடும்மா. அது இல்லன்னா மெடிசின் கிடைக்காது. எனக்கு அதனாலதான் கிடைக்கல.”

சத்தம் போடவில்லை. மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மாமா டீயைக் கீழே வைத்தார். நேரமாகிவிட்டது என்று யாருக்கோ சொல்லிக்கொண்டு கிளம்பினார். அப்பா எழுந்து அறைக் கதவருகே போய், அக்காவைத் திட்ட வாயெடுத்து, திட்டாமல் நின்றார். வெளியே மழை. மாமா குடையை மறந்துவிட்டாரென்று அம்மா என்னை விரட்டினார்.

எங்கள் மாடியில் லிஃப்ட் நிற்காது. படியில் இறங்கினால், அடுத்த மாடித் திருப்பத்திலேயே மாமா உட்கார்ந்திருந்தார். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

“பாப்பா, அதனாலதானா?” என்று என்னைக் கேட்டார்.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. எப்படியாவது தேற்ற வேண்டும் என்று தோன்றியது. “அது எங்க எல்லாருக்கும் அப்பவே தெரியும் மாமா. உங்ககிட்டதான் சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாங்க. யாருக்கும் உங்க மேல கோவமே இல்ல. அக்காவுக்குக்கூட இல்ல” என்றேன்.

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து, குடையை வாங்காமலே இறங்கிப் போனார். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அக்காவின் கல்யாணத்தில் மாமன் நிற்க வேண்டிய இடத்தில் அப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவர் நின்றார். ஆனால் அந்தக் கல்யாணமெல்லாம் வெகுகாலம் கழித்து.

அன்றைக்கு நான் குடையை ஆட்டிக்கொண்டே மேலே ஓடி வந்து, மாமாவைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.