ஸ்கேன்ல தெரியணும்

எனக்கு மூஞ்சி உப்ப ஆரம்பிச்சதும் கும்மிடிப்பூண்டி கம்பெனியில எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. "இன்னாக்கா, ஊட்டுக்காரரு நல்லா கவனிக்கிறாரு போல!" கம்பெனி பஸ்ஸுல கால் தூக்கி வைக்க முடியாம கம்பியைப் பிடிச்சுத் தொங்குனப்பவும் அதே சிரிப்புதான். கையும் காலும் குச்சியாப் போயி, வயிறு மட்டும் பெருத்து, தொட்ட இடமெல்லாம் ரத்தம் கட்டுது. இது எந்த ஊரு கவனிப்பு? வாயில வந்ததைத் திட்டிட்டு என் லைன்ல போய் நின்னுக்குவேன்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில ரத்தத்தை டெஸ்ட் பண்ணிட்டுத்தான் டாக்டரம்மா சொன்னாங்க. மூளைக்கு அடியில பட்டாணி அளவுக்கு பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி இருக்காம். அதுல பொடிக் கட்டி ஒண்ணு உக்காந்துக்கினு கண்ட மேனிக்கு ஹார்மோனை ஊத்துதாம். எங்க இருக்குன்னு தெரிஞ்சா மூக்கு வழியா எடுத்துடலாம். ஆனா எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தா, கட்டியே தெரியல.

எங்கம்மா அதைக் கேட்டதுதான் தாமதம், திருவாலங்காட்டுக்கு ஓடிப்போயி தேங்காய் உடைச்சுட்டு வந்து, எம்பொண்ணுக்கு ஒண்ணுமில்லன்னு தெரு முழுக்கச் சொல்லிடுச்சு. அப்புறம் நான் லீவு கேட்டா சூப்பர்வைசர் என்னை மேலயும் கீழயும் பார்க்குறாரு. "அதான் ஒண்ணுமில்லியாமே, வாயைக் கட்டும்மா." பத்திக்கினு வந்துச்சு எனக்கு. நோவு இருக்கு, இருக்கற இடம்தான் தெரியலன்னு யாருக்குப் புரிய வைக்கறது?

கடைசியா டாக்டரம்மா வேற ஒரு ஸ்கேனுக்கு எழுதினாங்க. கதிர் வீசுற மருந்தை ஊசியில ஏத்துவாங்களாம். கட்டி அதை உறிஞ்சிக்கினா படத்துல பளிச்சுனு தெரியுமாம். "இதுலயும் தெரியலன்னா, அந்தக் கட்டி தூண்டி விடற, கிட்னிக்கு மேல இருக்கற சுரப்பி ரெண்டையும் எடுக்கற மாதிரி ஆயிடும். அப்புறம் ஆயுசுக்கும் மாத்திரைதான்"னாங்க. அன்னியிலருந்து எனக்குச் சோறு எறங்கல.

ஸ்கேன் அன்னிக்கு எங்கம்மா வெளிய பெஞ்சுல கண்ணை மூடிக்கினு, "ஒண்ணும் இருக்கக் கூடாது தாயே"ன்னு முணுமுணுக்குது. எனக்கு வந்துச்சே கோவம்!

"யம்மா, இருக்கணும்னு வேண்டிக்கோ."

"எந்தப் பெத்தவடி அப்படி வேண்டுவா?"

"முடியலன்னா சும்மா இரு."

ஊசி போட்டு என்னைத் தனி ரூம்ல படுக்க வெச்சாங்க. யாரும் கிட்ட வரக் கூடாதாம். ஏசி குளிருல சுருண்டுக்கினு, கட்டியே, எங்கியாவது கண்ணுல படுன்னு கெஞ்சினேன். சீ, இன்னா பொழப்புடா இதுன்னு இருந்துச்சு.

ரிசல்ட்டுக்குப் போனப்ப டாக்டரம்மா கம்ப்யூட்டரை எங்க பக்கம் திருப்பினாங்க. சாம்பல் கலரு மண்டை ஓட்டுக்குள்ள மஞ்சளா ஒரு புள்ளி.

"இருக்கு. இடது பக்கம். எடுத்துடலாம்."

எங்கம்மா எழுந்து நின்னு டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. "நல்ல வேளை தாயி, இருக்குது!"

சொன்ன வாயிலயே பளார்னு அடிச்சுக்கிச்சு. அப்புறம் என் தலையை வயித்தோட அணைச்சுக்கினு ஓன்னு அழுதுச்சு.