கீப்பரின் வலது கை

நடந்தவை வரிசையாக இவை:

1. எங்கள் ஊர் அணியும் பக்கத்து ஊர் அணியும் ஆடிய உதைபந்தாட்ட இறுதிப் போட்டி சமநிலையில் முடிந்தது.
2. வெற்றியைத் தீர்மானிக்க பெனல்டி உதைகள் தொடங்கின.
3. கடைசி உதைக்காகப் பக்கத்து ஊர் இளைஞன் ஓடி வந்துகொண்டிருந்தபோது அந்தி நேர மஃரிப் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்னார்கள்.
4. எங்கள் அணியின் கீப்பர் கைகளை இறக்கினான். அவன் என் தம்பி.
5. பந்து வலைக்குள் போனது. நடுவர் கோல் என்று விசிலடித்தார்.
6. வெளியிலிருந்து கற்கள் வந்து விழுந்தன.
7. தம்பியின் வலது கை உடைக்கப்பட்டது.
8. உடைத்தது பக்கத்து ஊர் இளைஞன் என்று எங்கள் ஊர் சொன்னது. நான் கண்டது வேறு.

அந்த விளையாட்டரங்கைக் கட்டிய கொந்தராத்துக் கம்பனியில் நான் சைட் பொறியியலாளர். கல்முனையிலிருந்து நற்பிட்டிமுனை வயல்களுக்குப் போகும் பக்கம், மாரியில் தண்ணீர் நிற்கும் ஒரு பள்ளக் காணியை எங்களுக்குத் தந்தார்கள். கிரவல் கொட்டி, உருளை ஓட்டி இறுக்கி, நிலத்துக்கடியில் வடிகால் குழாய் பதித்து, அதற்கு மேல் மணலும் புல்லும் போட்டோம். மேற்குப் பக்கம் படிப்படியாகக் கொங்கிரீட் அரங்கு, அதற்கு இரும்புக் கூரை. படிகள் வெடிக்காமல் இருக்க ஈரச் சாக்குப் போர்த்தி, வெயிலில் நின்று தண்ணீர் அடிக்க வைத்தேன். பிறகு அதே படிகளில் இரத்தம் காய்ந்து கிடப்பதைப் பார்த்தேன். கொங்கிரீட்டில் இரத்தம் ஊறினால் கழுவினாலும் போவதில்லை.

அரங்கை நாங்கள் இன்னும் ஒப்படைக்கவில்லை. விளக்குக் கம்பங்கள் நட்டிருந்தோம், மின்சாரம் கொடுக்கவில்லை. வெளி நடைபாதைக்கு இன்டர்லொக் கற்களை மணலுக்கு மேல் அடுக்கியிருந்தோம். அவற்றை இறுக்கிப் பிடிக்கும் ஓரக்கட்டு இன்னும் போடவில்லை. ஆனால் புதுப் புல்லைப் பார்த்துவிட்டு இறுதிப் போட்டியைக் கடற்கரை மணலில் நடத்த யாருக்கும் மனம் வரவில்லை. போட்டிக் குழுவின் தலைவர் சைட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டையும் மருதமுனைச் சாரனும் உடுத்த, சிரித்த முகமான மனிதர்.

“ஓரக்கட்டுப் போடல்ல. இந்தக் கல்லெல்லாம் சும்மா மணலுக்கு மேல கிடக்குது. ஒண்டக் கிளப்பினா மத்ததெல்லாம் கையோட வரும்” என்றேன்.

“புள்ள, பந்து உள்ளுக்குத்தானே உருளப்போகுது? வெளியில உருண்டா அப்ப பார்ப்பம்.”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். என் மேலதிகாரி தொலைபேசியில் அனுமதி கொடுத்துவிட்டார்.

எங்கள் அணியின் பின்வரிசையில் ஆடியவரைத்தான் எனக்கு மாப்பிள்ளையாகப் பேசியிருந்தார்கள். காவின், அதாவது கலியாணப் பதிவு, எழுத நாளும் பார்த்தாயிற்று. எங்கள் கரையில் கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். எனக்காக எங்கள் வளவுக்குள் ஒரு வீடு எழும்பியிருந்தது. பூச்சு வேலை மட்டும் பாக்கி. தம்பியும் தனக்குக் கலியாணமாகி மனைவி வீட்டுக்குப் போகும்வரை அங்கேயே இருப்பான் என்பது ஏற்பாடு.

போட்டியன்று உடை மாற்றும் அறைக்கு வெளியே அவர் தம்பியின் கழுத்தைக் கையால் வளைத்துக்கொண்டு நின்றார்.

“டேய் மச்சான், இண்டைக்கி நீ தோத்தா உன்ட ராத்தாட வீட்டுக்கு நான் வரமாட்டன்.”

“வராட்டி நல்லம். முன் அறை எனக்கு மிஞ்சும்” என்றான் தம்பி.

இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

பிரதம விருந்தினர் பிந்தி வந்தார். அதனால் ஆட்டம் பிந்தித் தொடங்கியது. ஆரம்பத்திலிருந்தே பந்தை விட்டுவிட்டுக் காலை உதைத்தார்கள். பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனின் முழங்கால் பிரண்டு அவனைத் தூக்கிக்கொண்டு போனபோது எங்கள் பக்கம் கை தட்டியது. எங்கள் அணியில் ஒருவனுக்கு முழங்கையால் வாயில் இடி விழுந்து, அவன் புல்லில் பல்லைத் துப்பினான். அதற்கு அந்தப் பக்கம் கை தட்டியது. “கூலிக்கு வந்த நடுவன்” என்று ஒரு பக்கமும், “மாப்பிள்ளை வீட்டு நடுவன்” என்று மறு பக்கமும் கத்தின. தூரத்து ஊரிலிருந்து வந்த அந்த மனிதருக்கு இரண்டு ஊரிலும் ஒருவரையும் தெரியாது.

பெனல்டி தொடங்கும்போது சூரியன் அரங்கின் கூரைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. கூரை இரும்பில் சில பேர் ஏறியிருந்தார்கள். அவர்களை இறக்குவதற்காக நான் மேல்தட்டுக்குப் போயிருந்தேன். அங்கிருந்து கோல் கம்பம் கைக்கெட்டும் தூரம் போலத் தெரியும். எனக்குப் பேசியிருந்தவர் தன் உதையைக் கம்பத்துக்கு மேலால் அடித்தார். இனித் தம்பி பிடித்தால் மட்டுமே ஆட்டம் உயிரோடு இருக்கும்.

எங்கள் கடற்கரையில் பந்தடிப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாங்கு கேட்டால் பந்து இருக்கிற இடத்தில் நிற்கும். அதை யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை. வழமையாகப் போட்டிகள் மஃரிபுக்கு முன்பே முடிந்துவிடுவதால் எழுதத் தேவையும் வந்ததில்லை. அந்த இளைஞன் ஓடத் தொடங்கியிருந்தான். பாங்கின் முதல் சொல் கேட்டது. தம்பி கைகளை இறக்கி நிமிர்ந்து நின்றான். பந்து அவன் இடுப்புக்குப் பக்கத்தால் போனது. உதைத்தவன் இரண்டு கைகளாலும் தலையில் அடித்துக்கொண்டு தம்பியிடம் ஓடினான். ஓடி வந்த கால் நிற்கவில்லை என்று பிறகு பொலிஸில் சொன்னானாம்.

பாங்கு முடியும்வரை வேறு யாரும் அசையவில்லை. அந்த அமைதியை நான் நன்மை என்று நினைத்தேன். பாங்கு முடிந்ததும் நடுவர் கோல் என்று விசிலடித்தார். அந்தக் கணத்தில் முதல் கல் வந்தது.

ஓரக்கட்டில்லாத நடைபாதையிலிருந்து கல்லைக் கிளப்புவதற்கு ஆயுதம் வேண்டாம், விரல் போதும். வெளியில் நின்றவர்கள் கற்களைப் பெயர்த்து வேலிக்கு மேலால் எறிந்தார்கள். உள்ளே நின்றவர்கள் அவற்றை எடுத்துத் திருப்பி எறிந்தார்கள். அறுபது மில்லிமீற்றர் தடிப்பான கல் மண்டையில் விழும் சத்தத்தைத் தேங்காய் உடைவது போல என்று சொல்வார்கள். அப்படி இல்லை. அது ஈரமான சத்தம். நடுவரை மூலைக் கொடிக் கம்பத்தால் அடித்தார்கள். அவர் கையால் முகத்தை மூடிக்கொண்டு குந்தியிருக்க, ஒருவன் அவர் விரல்களைப் பிரித்துப் பிரித்து அடித்தான். வேலிக் கம்பி கிழிந்தது. கிழிந்த முனையில் ஒரு முதியவரின் கன்னம் மாட்டிக்கொண்டது. பெண்கள் இருந்த பகுதியில் பிள்ளைகளை மடிக்குள் அமத்திக்கொண்டு படியோடு படியாகக் கிடந்தார்கள்.

தம்பியின் மீது விழுந்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். “தொழ வந்தயா, பந்து பிடிக்க வந்தயா?” என்று ஒருவன் முதுகில் உதைத்தான். உதைத்தவன் தானும் தொழுகிறவன்தான். தம்பி விழுந்து, வலது கையால் கோல் கம்பத்தின் அடியைப் பிடித்துக்கொண்டான். பக்கத்து ஊர் இளைஞன் அவன் மேல் கவிழ்ந்து படுத்தான். அடியெல்லாம் அவன் முதுகில் விழுந்தது. அப்போது எனக்குப் பேசியிருந்தவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். காப்பாற்ற வருகிறார் என்று நினைத்துக் கூரைத் தூணை இறுகப் பிடித்தேன். அவர் புல்லில் கிடந்த கல்லொன்றை இரண்டு கைகளாலும் தூக்கி, கம்பத்தைப் பிடித்திருந்த கையின் மேல் போட்டார். கை விடவில்லை. மீண்டும் தூக்கிப் போட்டார். கை விட்டது.

பொலிஸார் வந்தபோது தம்பியின் மேல் கிடந்தவன் அந்த இளைஞன். அவன் சட்டையெல்லாம் தம்பியின் இரத்தம். “இவன்தான், இவன்தான்” என்று எங்கள் ஊர் அவனைக் காலில் பிடித்து இழுத்துக் கொடுத்தது. அவனை விளக்கமறியலில் வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் தம்பியின் கையைப் பார்த்தேன். விரல்கள் எந்தத் திசையைப் பார்க்க வேண்டுமோ அந்தத் திசையைப் பார்க்கவில்லை.

“யாருடா?” என்றேன்.

“தெரியா ராத்தா. கூட்டம்.”

“நல்லா யோசிச்சிப் பார்.”

“யோசிச்சித்தான் செல்றன். தெரியா.”

அவன் கண் என்னை விட்டு உம்மாவிடம் போனது. எனக்கு விளங்கியது. அடித்தவரின் முகம் அவன் முகத்துக்கு நேரே இருந்தது. அவன் என் கலியாணத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தான், கோல் கம்பத்தைப் பிடித்ததைப் போல.

அடுத்து வந்த நாட்களில் அந்தப் பொய் எங்கள் ஊரை நடத்தியது. கீப்பரின் கைக்குப் பழி என்று பக்கத்து ஊர் மீன் வியாபாரியின் மோட்டார் சைக்கிளைப் பெட்டியோடு எரித்தார்கள். அவரையும் அடித்தார்கள். அவர் போட்டிக்கே வராதவர். பதிலுக்கு எங்கள் ஊர் ஓட்டோ ஒன்றை வாய்க்காலுக்குள் தள்ளினார்கள். ஓட்டியவரின் விலா எலும்பு முறிந்தது. பிரதான வீதியில் டயர் எரிந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எங்கள் வீட்டு மண்டபத்தில் கூடினார்கள். எங்கள் குடிக்காகப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் மரைக்காயர், என் மாமா, எனக்குப் பேசியிருந்தவர், அவருடைய உம்மா. காவின் நாளை முன்னுக்கு எடுப்பது ஒரு விடயம். தம்பி பொலிஸுக்குப் போய் அந்த இளைஞனின் பெயரைச் சொல்வது மற்றது. நான் உள் வாசலில் நின்றேன்.

“பேரச் செல்லிட்டு வா மனே. ஊர் அடங்கட்டும்” என்றார் மரைக்காயர்.

“கை ஒண்டுதானே, உசிரு இல்லையே” என்றார் மாமா. “அல்லாஹ் காப்பாத்தினான்.”

எனக்குப் பேசியிருந்தவர் தம்பிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். “செல்லுடா மச்சான். ஒரு சொல்லுத்தானே” என்று கைலாகு கொடுக்கக் கையை நீட்டினார்.

தம்பி மாக்கட்டுப் போட்ட கையைத் தூக்கினான். “நீங்கதான் பிடிக்கணும் மச்சான். என்ட விரல் மூடாது.”

அவர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. மண்டபத்தில் எல்லோரும் அந்த இரண்டு கைகளையும் பார்த்தார்கள். நான் உள்ளே போனேன்.

“அடிச்சது இவர்தான். நான் மேல்தட்டில நிண்டன். கல்ல ரெண்டு கையாலயும் தூக்கினவர். ரெண்டாந்தரம் போட்டதையும் கண்ட நான்.”

“புள்ள, யோசிச்சிக் கதை” என்றார் அவருடைய உம்மா. “நாள் குறிச்சிரிக்கி.”

“யோசிச்சித்தான் மாமி கதைக்கிறன்.”

“அந்தத் தூரத்தில நிண்டு உனக்கு என்ன தெரியும்?” என்றார் எனக்குப் பேசியிருந்தவர்.

“அதே தூரத்தில நிண்டுதான் கூரை போல்ட் இறுகியிருக்கா எண்டு நான் பார்க்கிற.”

மரைக்காயர் தம்பியைப் பார்த்தார். “மனே, மெய்யா?”

தம்பி மாக்கட்டுக் கையை மடிக்கு எடுத்தான். “ஓம்” என்றான். “‘பிடிடா இப்ப, பிடி பாப்பம்’ எண்டு சொல்லித்தான் போட்டவர்.”

எனக்குப் பேசியிருந்தவர் வீசிய சர்பத் தட்டு சுவரில் போய் அடித்தது. அவர் தம்பியின் மாக்கட்டைப் பிடித்து இழுத்தார். தம்பி கத்திய கத்தலில் உம்மா குசினியிலிருந்து தேங்காய் துருவும் கையோடு ஓடி வந்தார். மாமா அந்த மனிதரை இடுப்பில் பிடித்துத் தூக்கி வெளியே தள்ளினார். எங்கள் வளவில் செங்கல் அடுக்கியிருந்தது. அவர் புது வீட்டின் ஜன்னல்களுக்கு ஒவ்வொன்றாகச் செங்கல் எறிந்துவிட்டுத்தான் போனார். முன் அறையில் தொடங்கி, ஒன்றையும் விடாமல். மரைக்காயர் கண்ணாடி உடையும் சத்தம் நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு என்னிடம், “பொலிஸுக்கு நானும் வாறன் மகள்” என்றார்.

போனோம். நான் கண்டதைச் சொன்னேன், தம்பியும் சொன்னான்.

இப்போது நிலைமை இதுதான். பக்கத்து ஊர் இளைஞன் விடுவிக்கப்பட்டான். அவன் முதுகில் நான் கண்ட அடிகளைப் பற்றி அவன் யார் மீதும் முறைப்பாடு செய்யவில்லை. எனக்குப் பேசியிருந்தவர் பிணையில் இருக்கிறார், வழக்கு நடக்கிறது. கலியாணம் இல்லை. புது வீட்டு ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருக்கிறோம். அரங்கில் விளக்கு எரிகிறது. நடைபாதைக்கு ஓரக்கட்டுக் கட்டிவிட்டேன், கற்கள் இனி விரலுக்கு வராது. போட்டி எதற்கும் இன்னும் அனுமதி இல்லை. தம்பியின் வலது கையில் இரண்டு விரல்கள் மூடுவதில்லை. மூடும் என்று வைத்தியர் சொல்லவுமில்லை. அவன் இனிக் கீப்பர் இல்லை.